ஆர்ச்வே ஏற்றத்துக்கென்று பூட்டிய தாங்கி

பெற்றோல் தாழ்வான பக்கத்துக்குத்தான் ஓடும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே நடந்ததில் பாதிப் பொறுப்பு பூமியின் ஈர்ப்புக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காப்புறுதிக்காரர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். வாகனத்தில் செய்த மாற்றம், செய்தவர், காரணம். நாலே நாலு கோடு. முதல் இரண்டையும் ஒரு கோட்டில் முடித்துவிட்டேன். காரணம் மிச்ச மூன்றில் அடங்க மறுத்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

செய்தவர் கிருஷ்ணராசா, வயது எழுபத்துநான்கு, தோர்ண்டன் ஹீத். முப்பத்தொரு வருடம் பஸ் கராஜில் மெக்கானிக். லண்டனின் சிவப்பு பஸ்களில் பாதி என் கையால் திருந்தின. மற்றப் பாதி என் பெயரைக் கேட்டே திருந்தின.

வாகனம் என் நண்பர் வாமதேவனுடையது. 1979ஆம் ஆண்டு யப்பான் பிக்கப் ட்ரக். நாற்பது வயது தாண்டியதால் அதற்குப் புகை வரி இல்லை, வருடாந்தப் பரிசோதனையும் இல்லை. அதன் அடியில் படுத்துப் பார்க்கிற மனிதன் இந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன சித்திரையில் அதன் பெற்றோல் தாங்கி துருப்பிடித்து இடியப்பத் தட்டுப்போல ஆகிவிட்டது. பொருத்தமான தாங்கி எங்கும் கிடைக்கவில்லை. பந்தயக் கார்களுக்கு ப்யூவல் செல் என்று ஒன்று போடுவார்கள். அலுமினியப் பெட்டி, அதற்குள் றப்பர் பை, பைக்குள் ஸ்பொஞ். மோதினாலும் ஒழுகாது, லேசில் தீப்பிடிக்காது. நாற்பது மைலுக்கு மேல் போனால் முனகத் தொடங்குகிற ட்ரக்குக்கு அது கொஞ்சம் ஆடம்பரம்தான். ஆனால் நண்பன் எரிந்துபோய்விடக் கூடாது என்பதில் நான் மிகக் கவனமானவன்.

பழைய பத்திரிகைத் தாளில் அளவு வெட்டிக் கொடுத்துச் செய்வித்தேன். நாலடி நீளம், ஒரு சாண் உயரம். எஞ்சினுக்குப் பெற்றோல் உறிஞ்சுகிற குழாய் ஒரு முனையில் இருந்தது. அந்த முனை ட்ரக்கின் பின்பக்கம் வரவேண்டும். ஏற்றத்தில் பெற்றோல் பின்னுக்கு ஓடும். குழாயும் அங்கேயே நின்றால் எஞ்சினுக்குக் குறையில்லை. மறந்துவிடாமல் அந்த முனையில் நானே கறுப்பு மையால் "பின்" என்று எழுதினேன்.

சரியாகத்தான் பூட்டிக்கொண்டிருந்தேன். ஆறு போல்ட்டில் நாலு இறுக்கியாயிற்று. அப்போது ட்ரக்குக்குப் பக்கத்தில் வாமதேவனின் சப்பாத்து வந்து நின்றது.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டே? சிரிக்கக் கூடாது."

"சொல்லும். படுத்துக்கொண்டு சிரிச்சா எனக்குப் புரைக்கேறும்."

"நானும் நகுலேஸ்வரியும் கலியாணம் செய்வம் எண்டு யோசிக்கிறம்."

நகுலேஸ்வரியை எனக்குத் தெரியும். ஹைகேட் முருகன் கோயில் அன்னதானத்தில் பருப்புக் கறி பொறுப்பு. கணவர் இல்லை, அறுபத்து மூன்று வயது, நல்ல மனுசி. வாமதேவனும் மனைவியை இழந்து ஒன்பது வருடம்.

"சந்தோசம்" என்றேன். உண்மையாகவே சந்தோசம்தான்.

"மூண்டு வெள்ளி முருகனிட்டப் போய் உத்தரவு கேக்கப் போறன். அவன் ஓம் எண்டா ஆவணியில மாலை மாத்துறது. ஒண்டுதான் அண்ணை, இனி வெள்ளிக்கிழமைகளில எனக்கு வர ஏலாது. அவவோட கோயிலுக்குப் போகவேணும்."

இந்த இடத்தில் வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று விளக்கவேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு என் வீட்டில் சீட்டாட்டம். சோடி சோடியாக ஆடுகிற முந்நூற்றிநாலு. ஒரு பக்கம் நானும் வாமதேவனும்; எதிர்ப்பக்கம் மலேசியாக்காரர் மெய்யப்பனும் அவர் மச்சானும். தோற்றவர்கள் காதில் உடுப்புக் கிளிப் மாட்டவேண்டும். அதுதான் எங்கள் கடுக்கன். வாமதேவன் தோற்றாலும் கிளிப்போடு எழுந்து ஆடிக்காட்டுவார். அவர் சிரிப்பு குரொய்டன் வரைக்கும் கேட்கும். அங்கிருந்து இரண்டு தடவை முறைப்பாடு வந்ததாக நினைவு.

இறுக்கிய நாலு போல்ட்டையும் கழற்றினேன். தாங்கியைத் திருப்பினேன். "பின்" முன்னுக்கு வந்தது. ஆறையும் இறுக்கினேன். கோபமெல்லாம் இல்லை. விசில் அடித்துக்கொண்டுதான் செய்தேன்.

வாமதேவன் கால் தாங்கிக்கு மேல் பெற்றோல் அடிக்கமாட்டார். பாரம் கூடினால் எஞ்சின் களைத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அவர் வழக்கமாக ஓடுகிற தெருக்கள் எல்லாம் பல்லில்லாத தெருக்கள். ஆர்ச்வேயில் இருந்து கோயிலுக்குப் போகிற ஏற்றம் ஒன்றுதான் கடிக்கும். ஸ்பொஞ் இருப்பதால் அங்கேயும் பெற்றோல் உடனே பின்னுக்கு ஓடாது, மெல்ல மெல்ல இறங்கும். ட்ரக் சரியாகப் பாதி ஏற்றத்தில், கோயிலுக்குப் பத்து நிமிட நடையில் நிற்கும். பின்னால் உருட்டிச் சமதரைக்குக் கொண்டுவந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். இதைவிட நேர்த்தியான வேலையை நான் கராஜில்கூடச் செய்ததில்லை.

முதல் வெள்ளி நின்றது. தொலைபேசியில் சிரித்தார். இரண்டாம் வெள்ளியும் அதே இடத்தில் நின்றது. சிரிக்கவில்லை.

மூன்றாம் வெள்ளி நானும் கூடப் போனேன். ஒரே இருக்கையில் மூன்று பேர். நடுவில் நகுலேஸ்வரி, மடியில் அர்ச்சனைத் தட்டு. பாதி ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். வாமதேவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகூப்பினார்.

"பெற்றோல் கிடக்கோ?" என்று நகுலேஸ்வரி கேட்டார்.

"கால் தாங்கி கிடக்கு."

"அப்ப இறங்கி நடப்பம். முருகன் ட்ரக்கில வரச் சொன்னவரே?"

புத்திசாலி. அந்த நிமிடம் என் வேலை தோற்றுப்போகும் என்றே நினைத்தேன். ஆனால் வாமதேவன் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. இது மெக்கானிக் பிழையோ, முருகன் மறிக்கிறானோ? பிழையெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் இறங்கி நடக்கிறன்."

நான் பொய் சொல்லாதவன்.

"நான் பூட்டினதில ஒரு போல்ட்டும் லூஸ் இல்லை" என்றேன்.

அவர் இறங்கவில்லை. நகுலேஸ்வரி அர்ச்சனைத் தட்டை மடியிலிருந்து தூக்கிக்கொண்டார். பிறகு, "வழி விடுங்கோ அண்ணை" என்றார். நான் மரியாதையாக இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டோடு தனியாக ஏற்றத்தில் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது கொவென்ட்ரியில் மகனோடு இருப்பதாகக் கேள்வி.

அடுத்த கிழமையே, எண்ணெய் மாற்றுகிற சாக்கில், தாங்கியைச் சரியான பக்கம் திருப்பிப் பூட்டினேன். என்ன இருந்தாலும் நான் ஒரு தொழில்காரன். பிழையான வேலையை அப்படியே விட மனம் வராது. வாமதேவன் அதற்கடுத்த திங்கட்கிழமை தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு என்னை அழைத்தார்.

"ஏறீட்டுது அண்ணை. நான் அவவை விட்டதும் முருகன் ஏத்தீட்டான். எனக்கு விளங்கீட்டுது."

"நல்லது" என்றேன்.

மெய்யப்பன் ஒருநாள் கேட்டார்: "ஏங்க, வாமதேவன் கல்யாணம் பண்ணியிருந்தா நாம சனிக்கிழமைக்கு மாத்தியிருக்கலாமே. எனக்கு எந்த நாளும் ஒண்ணுதான்." எனக்குச் சனிக்கிழமை ஒத்துவராது. சனிக்கிழமை நான் உடுப்புத் தோய்க்கிறவன்.

இப்போது வாமதேவன் ஒரு வெள்ளியும் தவறுவதில்லை. நாலே முக்காலுக்கே வந்துவிடுகிறார். ட்ரக்கை விட்டுவிட்டு பஸ்ஸில்தான் வருகிறார். போன கிழமை தோற்றோம். கிளிப்பை எடுத்துத் தானே காதில் மாட்டிக்கொண்டு இருந்தார்; கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். ஆட்டத்தில் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று மெய்யப்பன் கவலைப்படுகிறார். மெய்யப்பனுக்கு இந்த ஆட்டம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. முந்நூற்றிநாலில் ஒரே பக்கத்துக்காரர்கள் பேசக்கூடாது என்பதுதானே சட்டம். இருபத்திரண்டு வருடத்தில் இப்போதுதான் வாமதேவன் ஒழுங்காக விளையாடுகிறார்.