சாட்டை கவ்விவந்த வெடி

நாய்க்கு முட்டை அவித்துப் போடுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. சாட்டைக்கு மட்டும் போட்டோம். என் மகள் பிரீத்தி ஏற்படுத்திவிட்ட பழக்கம் அது. அவள் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போன பிறகு தினமும் காலையில் நான்தான் முட்டையை உரித்துப் போடுவேன். மஞ்சள் கருவை முதலில் தின்றுவிட்டு, வெள்ளையைத் தரையில் உருட்டி விளையாடும். எனக்குச் சிரிப்பாக வரும்.

என் கம்பெனி ஆள் மாரிக்கண்ணனுக்கு நடந்ததைக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம், தெரியும். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று என் மனைவி ஞானசுந்தரி சொன்னாள். அதையும் மீறித்தான் பேசுகிறேன். ஆனால் நாயிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விஷயம் ஒழுங்காகப் புரியும்.

சாட்டை சிப்பிப்பாறைக் கலப்பு. வயிறு ஒட்டிப்போய், கால் நீளமாக இருக்கும். நாரணாபுரத்தில் என் பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் பிறந்த குட்டி. மற்ற ஊர் நாய்கள் தீபாவளி என்றால் கட்டிலுக்கடியில் போய் நடுங்கும். இது வெடிச் சத்தத்திலேயே கண் திறந்தது. வெடித்தால் காதைக்கூட ஆட்டாது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு நாயை நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் அதன் வாயில் வெடி வெடித்துவிட்டது. கீழ்த்தாடை இரண்டாக உடைந்து, நாக்கு கிழிந்து தொங்கியது. லீவில் வந்திருந்த பிரீத்தி, அதைப் பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காட்டுப்பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்திருக்கும் என்று அவளிடம் சொன்னேன். ஆனைக்குட்டம் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்கள் அப்படி வைப்பதாகப் பேச்சு உண்டு. அதனால் அவள் நம்பினாள்.

மதுரையில் ஒரு டாக்டர் தாடைக்குத் தகடு வைத்துக் காப்பாற்றலாம் என்றார். ஒன்றரை லட்சம் ஆகும். அதோடு, வெடியால் வந்த காயம் என்பதால் எங்கே, எப்படி நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், போலீசுக்கும் தகவல் போகும் என்றார். நான் கையில் பணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சீசனுக்கு முன்னால் எல்லாக் காசும் சரக்கில் முடங்கிக் கிடக்கிறது என்றேன். என்னிடம் பணம் இருந்தது மேடம். எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் இல்லை என்றால் பேச்சு அதோடு முடியும் என்று நினைத்தேன். எங்கள் காலத்தில் அப்படித்தான் முடியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது முடிவு இல்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

"நம்மகிட்ட இல்லைன்னா நாலு பேருகிட்ட கேப்போம்ப்பா," என்றாள் பிரீத்தி. "நெட்ல போட்டா ஒரு வாரத்துல சேந்துரும்."

இந்தச் செந்தூர்பாண்டி வீட்டு நாய்க்கு ஊரெல்லாம் கையேந்துவதா என்று கோபப்பட்டேன். கோபம் பாதி நிஜம்தான். சாத்தூரில் அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம், அவர்கள் காதுக்குப் போனால் என்ன நினைப்பார்கள் என்று ஞானசுந்தரியும் முணுமுணுத்தாள். பிரீத்தி எதையும் காதில் வாங்கவில்லை. நாய் அவள் மடியில் கிடந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், ஒரேயடியாக மறுத்தால் ஏன் என்று கேட்பாள் என்பது புரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். சொல்கிறேன்.

சாட்டை கடித்தது பன்றி வெடி இல்லை. என் கம்பெனியில் செய்த ஆட்டம் பாம். ஒவ்வொரு தடவை சரக்கு முடிந்ததும் சிலதை எடுத்துப் பின்னால் உள்ள பொட்டலில் வெடித்துப் பார்ப்போம். அதில் ஒன்றிரண்டு வெடிக்காமல் கிடக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றி அழித்துவிட வேண்டும் என்பது விதி. எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் பட்டுவிட்டால் கோளாறு திரியிலா வெடிமருந்திலா என்று கண்டுபிடிக்க முடியாது. திரி என்றால் திரியை மட்டும் மாற்றி அனுப்பலாம். மருந்து என்றால் முழு லோடும் வீண். ஆகவே ஈரம் படாமல் எடுத்துவந்து பிரித்துப் பார்ப்பேன். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். நல்ல சரக்கு என்று எங்களுக்கு வடநாட்டில் பெயர் இருக்கிறதென்றால் அதற்கு இதுதான் காரணம்.

அதை எடுத்துவரத்தான் சாட்டையைப் பழக்கினேன். மருந்து அடைக்காத காலி வெடிக் குழாயை வீசுவேன், கவ்விக்கொண்டு வந்தால் ஈரல் துண்டு கொடுப்பேன். கெட்டிக்கார நாய். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டது. பூவை எடுப்பதுபோல மெதுவாகக் கவ்விவந்து என் காலடியில் வைக்கும். அன்றைக்கு வந்து சேர்வதற்குள் வெடித்துவிட்டது. அது பாதி வழியில் நிற்காமல், உடைந்த வாயோடு என் காலடி வரைக்கும் வந்தது மேடம். ஈரலுக்காக வந்ததோ என்னவோ. 

ஒரு நாயைப் போய் இப்படி அனுப்பலாமா என்று உங்கள் முகம் கேட்கிறது. மனிதனை அனுப்புவதைவிட மேல் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது மாரிக்கண்ணன். இடது கையில் மூன்று விரல் போயிற்று. பைக் செயினில் கை மாட்டிக்கொண்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னேன், சொன்னான். அவனுக்கும், பேக்கிங்கில் இருக்கிற அவன் மனைவி வள்ளித்தாய்க்கும் என் கம்பெனியில் வேலை என்றைக்கும் உண்டு என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. இனி என் பொட்டலில் ஒரு மனிதன் கை போகக்கூடாது என்றுதான் நாயைப் பழக்கினேன். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

சாட்டைக்கு அடிபட்ட பிறகு அதைப் பார்த்துக்கொண்டதும் மாரிக்கண்ணன்தான். நாயால் தானாகக் குடிக்க முடியாது. மிச்சமிருந்த விரல்களால் அதன் தலையைத் தாங்கிக்கொண்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் கஞ்சித் தண்ணீரைத் தொண்டையில் சொட்டுச் சொட்டாக விடுவான். பிரீத்தி அதை வீடியோ எடுத்தாள். நெட்டில் போடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டினாள். வீடியோவில் அவனிடம், இது பிழைத்துவிடும்தானே அண்ணே என்று கேட்கிறாள். அவன் நாயைத் தடவிக்கொண்டே சொல்கிறான்:

"இதுவும் என்னைய மாதிரித்தான் பாப்பா. சொன்ன வேலையச் செஞ்சுச்சு, வாங்கிக்கிருச்சு."

அவளுக்கு அது விளங்கவில்லை. வலியைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்தால் ஜனங்கள் இன்னும் இரக்கப்படுவார்கள் என்றுகூடச் சொன்னாள்.  உலகத்தில் எல்லாரும் பிரீத்தி மாதிரி இருக்க மாட்டார்கள். எவனோ ஒருவன் அந்தக் கையை உற்றுப் பார்ப்பான், அந்தப் பேச்சைத் திருப்பிக் கேட்பான். பிறகு லைசென்ஸ் போகும், கம்பெனி பூட்டப்படும். என்னை நம்பி நாற்பது குடும்பம் இருக்கிறது. நான் எனக்காக மட்டும் பயப்படவில்லை.

நெட்டில் பணம் கேட்கலாம் என்று சம்மதித்தேன். ஆனால் நாளை செவ்வாய்க்கிழமை, நல்ல காரியத்தைப் புதன்கிழமை ஆரம்பி, அதற்குள் மதுரைக்குப் போய் டாக்டரிடம் தேதி பேசிவிட்டு வா என்றேன். பிரீத்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்ததற்குப் பிறகு அன்றுதான் அப்படிச் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை விடியலில் அவள் கிளம்பினாள். ஞானசுந்தரியையும் துணைக்கு அனுப்பினேன். மாரிக்கண்ணனை லோடு லாரியோடு தூத்துக்குடிக்கு அனுப்பினேன். நாய்க்குக் கஞ்சி யார் கொடுப்பது என்று கேட்டான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நான் அதை எதுவும் செய்யவில்லை மேடம். விஷம் வைக்கவில்லை, அடிக்கவில்லை. கஞ்சியும் தண்ணீரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கார் ஷெட்டில் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தனியாகச் சாக விட எனக்கு மனசு வரவில்லை. விருதுநகர் வெயில் உங்களுக்குத் தெரியும். தாகத்துக்கு நான் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்திருந்தேன். நான் குடிக்கும்போதெல்லாம் அது சொம்பைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. வாலை ஆட்டியது. சாயங்காலம் வாக்கில் வால் நின்றது. நான் அழுதேன். என் அப்பா செத்ததற்குக்கூட அப்படி அழவில்லை.

பிரீத்தி வந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் முந்தியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். என்மேல் சந்தேகமே வரவில்லை. வீடியோவை அழித்துவிட்டுக் கோயம்புத்தூர் போனாள். இப்போது போனில் என்னைத்தான் சமாதானப்படுத்துகிறாள், நாயை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று.

இனி மாரிக்கண்ணன். நேற்று முன்தினம் புதுச் சரக்கை வெடித்துப் பார்த்தோம். தீபாவளிக்கான பெரிய ஆர்டர், லாரி வாசலில் நின்றது. இரண்டு வெடி வெடிக்காமல் கிடந்தது. நாய் இல்லை. நான் அவசரப்படவில்லை, நிதானமாகத்தான் யோசித்தேன். புது ஆளை அனுப்பினால் பழக்கம் இருக்காது. முழுசாகக் கையும் காலும் இருக்கிறவனை அனுப்புவதும் நியாயமாகப் படவில்லை. மாரிக்கண்ணனைக் கூப்பிட்டேன்.

"என்ன மாரி, நீ போறியா, இல்ல வேற ஆளப் பாக்கவா?" என்று கேட்டேன். கேட்டேன் மேடம், போ என்று சொல்லவில்லை.

அவன் வள்ளித்தாய் வேலை செய்கிற பேக்கிங் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"நீங்க சொன்னீகன்னா போறேன் அண்ணாச்சி."

நான் தலையை ஆட்டினேன். அவன் போனான். முதல் வெடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டாவதுக்குக் குனிந்தான். கை சரியில்லாதவன், பையில் போடாமல் வேறு என்ன செய்வான். அதை நான் யோசித்திருக்க வேண்டும். பையில் இருந்ததுதான் வெடித்தது, நெஞ்சோடு ஒட்டி. அந்த இடத்திலேயே போய்விட்டான்.

அவனை அனுப்பியது நான்தான். விரல் போனதை மறைத்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

வருத்தம் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ராத்திரியில் கண்ணை மூடினால் சாட்டைதான் வந்து நிற்கிறது. அந்தப் பாவம் என்னை விடாது. அது பாவம், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஜீவன். மாரிக்கண்ணன் அப்படி இல்லையே மேடம். அவனிடம் நான் கேட்டேன். மாட்டேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.