பொருந்திய ஹாஷ்

விசாரணைக்குக் கூப்பிட்டும் சாய்மானம் உள்ள நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, ஐயா. காலமெல்லாம் கணினி முன்னால் கூனிக் கிடந்த இடுப்பு. ஸ்டூலில் உட்கார்ந்தால் உயிரை வாங்குகிறது.

என் வேலை பிரமாதமாக ஒன்றுமில்லை. மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புகளுக்குப் புது மென்பொருள் வந்தால், அந்தக் கோப்பின் ஹாஷைச் சரிபார்க்க வேண்டும். கோப்பைக் கணக்குக்குள் விட்டால் எழுத்தும் எண்ணுமாக நீளமான ஒரு சரம் வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் அடியோடு மாறிவிடும். தயாரித்தவர்கள் கொடுத்த சரமும் நமக்கு வந்த சரமும் ஒன்றாக இருந்தால் பம்பில் ஏற்றலாம். இல்லையென்றால் தொடக்கூடாது.

அன்று பொருந்தவில்லை. மறுபடி இறக்கினேன், அப்போதும் இல்லை. தயாரித்தவர்களைக் கேட்டால் பதில் வருவதற்குள் தாவு தீர்ந்துவிடும். வார்டிலிருந்து போன் மேல் போன். "இன்னைக்காவது நேரத்துக்கு வந்து சேருங்க" என்று மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள். எனக்கு அலுத்துவிட்டது. சரிபார்ப்புத் திரையில் இருந்த அவர்களுடைய சரத்தை அழித்துவிட்டு, கையிலிருந்த கோப்பின் சரத்தையே அங்கே ஒட்டினேன். பச்சை காட்டியது. பம்புகளில் ஏற்றிவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம், பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் பல மடங்கு மருந்து ஏறிவிட்டது. செத்துப்போனாள். பழி நர்ஸ் தலையில் விழுந்தது. விசாரணை அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நான் சரியாத்தான் அழுத்தினேன். என் பிள்ளைங்க மேல சத்தியம். மெஷின்லதான் ஏதோ கோளாறு, நீங்களாவது சொல்லுங்க."

"பாத்துட்டுதான்மா சொல்றேன். ஹாஷ் பொருந்துது."

உள்ளேயும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை, அவர்கள் கண் முன்னாலேயே சரிபார்த்துக் காட்டினேன். அவளை ஜெயிலில் போட்டார்கள். எனக்கும் வருத்தம்தான், கொஞ்ச நாள் சாப்பாடே இறங்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் இறந்தார்கள். அப்போதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், நானும் அதையேதான் சொன்னேன். வேலைக்குப் புதிதாக வந்த பெண், தயாரித்தவர்களிடமே நான் அழித்த அந்தச் சரத்தைக் கேட்டு வாங்கிவிட்டாளாம்; பம்பில் இருக்கிற கோப்போடு அது பொருந்தவில்லையாம். நானும் கேட்டிருக்கலாம். யாருக்கு ஐயா தெம்பிருக்கிறது?

பம்புகளை நிறுத்தப்போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாக நிறுத்துங்கள். அதற்கு முன்னால் என் திரையில் ஒருமுறை நீங்களே சரிபார்த்துவிடுங்கள். பொருந்தும்.