பூங்கோதை அழுத நாள்

சாமைக் கஞ்சியில் வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். ஜவ்வாது மலையில் முக்கால்வாசிப் பேர் உப்புதான் போடுவார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டையா, பின்னால் தேவைப்படும்.

என் தம்பி தாண்டவராயன் காவலூர் வளைவில் வண்டியோடு விழுந்து செத்தான். அவன் பெண்டாட்டி பூங்கோதை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "இன்னாடி இவ, கல்லு மாரி குந்திகினு கீறா?" என்று என் காதுபடவே பேசினார்கள். குடும்ப மானம் கப்பலேறியது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கண்ணமங்கலத்து உறவெல்லாம் வரும். அதற்குள் அவள் அழுதாக வேண்டும்.

எனக்கு இமை தானாகச் சரிந்துவிடும் தசை வியாதி. அதற்கு மாத்திரை தின்கிறேன். நரம்பு தசைக்குச் சேதி சொல்ல உடம்பில் அசிட்டைல்கோலின் என்று ஒன்று சுரக்கிறதாம். மாத்திரை அதைச் சீக்கிரம் அழிய விடாதாம். அளவு மிஞ்சினால் தசையோடு நிற்காது. நம் சொல்லுக்குக் கட்டுப்படாத நரம்புகளும் கிளம்பிவிடும். கண்ணீர் கொட்டும், எச்சில் ஊறும், வயிறு முறுக்கும், நாடி இறங்கும். நர்சு ஈஸ்வரி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். "வடிவம்மா, இழுப்பு இருக்கறவங்களுக்கு இது ஆவவே ஆவாதுங்க. மூச்சுக்கொழா சுருங்கிப்பூடும். யாருக்கும் குட்த்துடாதீங்க" என்றும் சொன்னாள். பூங்கோதைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு.

காரியத்தன்று காலையில் கஞ்சி கொடுத்தேன். "இனிப்பா கீதே அண்ணி" என்றாள். மிச்சம் வைக்காமல் குடித்தாள், நல்ல பெண்.

உறவுக்காரப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டபோது அவள் கண்ணிலிருந்து தாரையாக ஊற்றியது. வாயும் ஒழுகியது, துக்கத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள். "பாவம், இத்தினி நாளா நெஞ்சுலயே வச்சினு இருந்துகீறா" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பம்ப்பு... அண்ணி, பம்ப்பு" என்றாள். இழுப்பு வந்தால் அவள் வாயில் அடித்துக்கொள்ளும் அந்த மருந்து காலையிலிருந்தே என் இடுப்பில்தான் இருந்தது. நடுவில் கொடுத்தால் அழுகை கலைந்துவிடுமே என்று கொடுக்கவில்லை.

புருஷனோடு போய்விட்டாள், உத்தமி என்று ஊரே சொல்கிறது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவள் நான். தம்பிக்காக அழத் தெரியாதவளை அழவைத்தேன், அவ்வளவுதான்.

அவள் கஞ்சியில் போட்டது போக அட்டையில் இன்னும் இரண்டு மாத்திரை குறைகிறதே என்கிறீர்கள். அது தம்பியின் பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் போட்டுக்கொண்டது. எனக்கும் அழுகை வரவில்லை.