தண்ணி வேணுமாம்

எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், ஐயா. இளவயதில் இதே ஊரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் மொழி நன்றாகவே வரும். எங்கள் குழுவில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

என் தம்பி பாடகன். நான் வயலின். அம்மா போனபோது அவன் சின்னப் பிள்ளை. சோறு ஊட்டியதும் நான்தான், சுருதி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். மேடையில் அவன் ஓர் அடி பாடிவிட்டு என் பக்கம் திரும்புவான். நான் வில்லால் பதில் சொல்வேன். எத்தனையோ நாடுகளில் கச்சேரி செய்திருக்கிறோம். அவன் வேறு பக்கம் திரும்பியதில்லை.

இங்கே வந்ததும் ஏற்பாட்டாளர்கள் உள்ளூர்ப் புல்லாங்குழல்காரர் ஒருவரை எங்களோடு சேர்த்துவிட்டார்கள். நல்ல மனிதர். நாற்காலியில் உட்காரக்கூட அனுமதி கேட்பார். முதல் ஒத்திகையில் தம்பி ஓர் அடி பாடினான். நான் வில்லை எடுப்பதற்குள் குழல் பதில் சொல்லிவிட்டது. தம்பி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். இந்த ஊருக்கு ஒண்ட வந்தவர்கள் நாங்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இடைவேளையில் அவர் ஏதோ சொன்னார்.

"அண்ணா, என்ன சொல்றார்?"

இப்படி ஒரு குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததே போதும் என்று சொல்லியிருந்தார். "வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்றார்" என்றேன்.

மறுநாள் தம்பி வேகத்தைக் குறைத்தான். பாட்டு இன்னும் அழகாக வந்தது. "அவர் சொன்னது சரிதாண்ணா. நீ ஏன் இதை ஒரு நாளும் சொல்லலை?" என்று கேட்டான்.

பிறகு குழல்காரரிடம், தம்பி அவரைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்வதாகச் சொன்னேன். பாவம், முகம் வாடி, நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். தம்பி எழுந்து தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவருக்கு ஒட்டினாற்போல் போட்டான்.

"பக்கத்துல இருந்தாத்தான் எனக்குப் பாட்டு வருது" என்றான்.

என் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

குளவியை நான் கொண்டுவரவில்லை. ஒத்திகைக் கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. தானாக வந்து குழல்காரர் கழுத்தில் கொட்டியது. சற்று நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. கீழே சாய்ந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குக் குளவிக்கடி ஆகாது. பையில் மருந்து ஊசி இருக்கிறது. தொடையில் குத்துங்கள்." தெளிவாகத்தான் சொன்னார். அவர் பை என் காலடியில் இருந்தது.

தம்பி என் பக்கம் திரும்பினான். இந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவையாக, முழுதாக என் பக்கம்.

"அண்ணா, என்ன கேக்கிறார்? சீக்கிரம் சொல்லுண்ணா."

"தண்ணி வேணுமாம்."

ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அவர் தலையை மடியில் வைத்து உதட்டில் ஊற்றினான். உள்ளே இறங்கவில்லை. அவர் கை பையைத் தேடியது. நான் அதைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். இன்னொரு முறை ஏதோ முனகினார்.

"இப்ப என்ன சொல்றார்?"

"பயப்பட வேண்டாம்னு சொல்றார்."

அந்த நேரத்தில் தம்பிக்கு அப்படி ஓர் ஆறுதல் தேவைப்பட்டது. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி என் தோளில் முகம் புதைத்து அழுதான். அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்கு மனசு நிறைந்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை.

எங்கள் மிருதங்கக்காரர் அன்றைய ஒத்திகையைப் போனில் பதிவு செய்திருந்ததாகச் சொல்கிறீர்கள். அதை எங்கள் மொழி தெரிந்த ஹோட்டல் ஆள் ஒருவரிடம் கொடுத்து அர்த்தம் கேட்டுவிட்டு, உங்களிடம் கொண்டுவந்ததே என் தம்பிதான் என்கிறீர்கள். இனி அண்ணன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

இருக்காது, ஐயா. அவனுக்கு உங்கள் மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அந்த ஹோட்டல்காரன் தப்பாக மொழிபெயர்த்திருப்பான். தம்பியை ஒரு நிமிஷம் உள்ளே கூப்பிடுங்கள். என்ன நடந்தது என்று நான் அவனுக்குச் சரியாகச் சொல்கிறேன்.