அந்த விலை பெறாது

புதுச் சாமான்கள்மேல் எனக்கு வெறுப்பு உண்டென்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இன்ஸ்பெக்டர் ஐயா, அதை நம்ப வேண்டாம். காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் முதன்முதலில் ரேடியோ வாங்கியவன் நான். டைனமோ விளக்கு வைத்த சைக்கிளையும் நான்தான் முதலில் கொண்டுவந்தேன். பொருளுக்கும் அதன் விலைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். அப்படிப் பார்ப்பது குற்றமென்றால் சந்தைக்குப் போகிற எல்லாரையும் நீங்கள் பிடித்து வைக்க வேண்டியிருக்கும்.

தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். இருபத்திரண்டு வருஷமாக டைப் அடித்தே பிழைத்தவன் கையெழுத்தை உங்களால் படிக்க முடியாது. அதனால்தான் மெஷின் கேட்டேன். ஸ்டேஷன் மெஷினில் ரிப்பன் தேய்ந்துவிட்டது என்று வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் கருணாகரன். கோப்பிக் கடைக்குப் பக்கத்துக் கடையின் முன்பக்கத்தில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன். என் டைப்ரைட்டர் யுத்தத்துக்கு முந்தியது. ஜப்பான்காரன் ஆண்ட மூன்றரை வருஷமும் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தேன். தோண்டி எடுத்த அன்றே அடித்தது. சில எழுத்துகளின் வயிறு மையால் அடைபடும். ஊசியால் குத்திவிட்டால் சரியாகிவிடும். அதைக் குறையென்று யாரும் சொன்னதில்லை, போன வருஷம் அக்டோபர்வரை.

அக்டோபரில் பொன்னுதுரை புது மெஷின் வாங்கினான். பொன்னுதுரை என் மனைவி ருக்மணியின் தம்பி. பக்கத்து மேசை அவனுடையது. டவுன் கடையில் இரண்டு வைத்திருந்தார்கள். முந்தின வருஷத்து மாடல் இருநூற்றுப் பத்து வெள்ளி. அதையே கொஞ்சம் திருத்தி, பச்சைப் பெயிண்ட் அடித்து, ஜிப் வைத்த தோல் பெட்டியோடு அந்த வருஷம் வந்தது முந்நூற்று இருபது. பழைய மாடலே போதும் என்று கடையிலேயே சொன்னேன். அவன் கேட்கவில்லை. கோப்பிக் கடையில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது.

"அத்தான், இதுல டேபுலேட்டர் இருக்கு. கட்டையை அமுக்கினா தாள் வண்டி தானா ஓடி, வேணுங்கிற எடத்துல நிக்கும். பேரு, வயசு, ஊரு எல்லாம் நேர் வரிசையா விழும்."

"எனக்கும் நேர் வரிசையாத்தான் விழுது. எடத்த எண்ணி அடிக்கிறேன். எண்ணத் தெரியாதவனுக்குத்தான் அந்தக் கட்டை."

"சத்தமும் கம்மி."

"சத்தம் கொறைய நூத்திப் பத்து வெள்ளி கூடவா? காதுல பஞ்ச வெச்சுக்க."

எதிரே உட்கார்ந்திருந்த நல்லையா கோப்பியை ஊதினார். ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர்; அவர் சொல்வது மத்தியானத்துக்குள் கம்பத்துத் தெருவெல்லாம் போய்விடும். "கருணா, நீ மெஷின் அடிக்கிறப்ப இந்தத் தெருக் கோழியெல்லாம் முட்டை போட மாட்டேங்குதாம். அதுக்கே குடுக்கலாம்யா நூத்திப் பத்து," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைக்குப் பலகாரம் போடும் செட்டிக் கம்பத்து அம்மாள்கூட தட்டை இறக்கிவிட்டு, பச்சை மெஷினைத் தடவிப் பார்த்து, 'சந்திக்' என்று மலாயில் மெச்சினாள். அழகைப் பார்த்து எந்த ஆபீஸிலும் மனுவை ஏற்பதில்லை என்று நான் சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அது மெர்டேக்கா ஆகி நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு எல்லாரும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட வருஷம் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தியாவில் பிறந்து இங்கே வந்தவர்களுக்குத்தான் அவசரம். ஓராண்டுக்குள் போட்டால் மலாய்ப் பரீட்சை கிடையாது, ஆகஸ்ட் முடிந்தால் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள் என்று எங்கள் தெருவில் சொல்லிக்கொண்டார்கள். உஜோங் பாசிரிலிருந்தும் செங்கிலிருந்தும்கூட ஆட்கள் எங்களிடம் வந்தார்கள். வந்தவர்கள் பொன்னுதுரையின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். என் நாற்காலி காலியாக இருந்தாலும் அங்கேயே நின்றார்கள். "தொரைமார் கண்ணுக்கு அந்த எழுத்துதான் புடிக்குது. அந்த எழுத்துல போனாத்தான் தாள் நகரும்," என்று நல்லையா சொல்லிவைத்திருந்தார்.

மனுக்களை ஆபீஸில் சேர்ப்பது ஆரம்பத்திலிருந்தே என் வேலை. அவன் மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது. எனக்குத்தான் அங்கே கவுண்டரில் ஆள் பழக்கம். ஜனவரியில் முதல் தடவை போனபோது பையில் ஏழு பிரஜாவுரிமை மனுக்கள் இருந்தன. மூன்று நான் அடித்தவை, நான்கு அவன் அடித்தவை. என்னுடைய மூன்றைக் கொடுத்தேன். மற்ற நான்கையும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். தாளை நகர்த்துவது அந்த எழுத்துதான் என்றால் அதற்காக நான் சைக்கிள் மிதிக்க வேண்டியதில்லை அல்லவா? அது தானாகவே போகட்டும் என்று விட்டேன்.

வைக்க நல்ல இடம் இருந்தது. என் மெஷின் எப்போதும் மேசைமேலேயே இருப்பதால் அதன் மரப்பெட்டி வீட்டில் சும்மா கிடந்தது. அதில் அடுக்கினேன்; அதன்பிறகு அவன் அடித்த மனுக்கள் எல்லாம் அங்கேயே சேர்ந்தன. ஒரு தாளும் கசங்காமல் வைத்தேன். எவரிடமும் ஒரு காசு கூடுதலாக வாங்கவில்லை. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மார்ச்சில் என் ஆட்களுக்கு ஆபீஸிலிருந்து கடிதம் வரத் தொடங்கியது. போய்க் கையைத் தூக்கிச் சத்தியம் செய்து பத்திரத்தோடு வந்தார்கள். பொன்னுதுரையின் ஆட்களுக்கு ஒன்றும் வரவில்லை. நேரில் போய்க் கேட்கிறேன் என்றவர்களிடம், தொந்தரவு கொடுத்தால் தாள் அடியில் போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். நான் மரியாதையாகப் பேசுபவன்.

பொன்னம்மாவைப் பற்றித்தானே நேற்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சொல்கிறேன். எங்கள் தெருக் கடைசியில் ஒரு அறை எடுத்து, கரிப்பெட்டி போட்டு நர்சுமார் துணி தேய்த்துக் கொடுத்தவள். புருஷன் இல்லை. ஜப்பான் காலத்துக் காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. வாய்மொழிப் பரீட்சை என்று வந்தால் அவளால் கேள்வியையே கேட்க முடியாது. பத்து பெரெண்டாமில் அவளுடைய அண்ணன் இருந்தார். குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பப் போகிறவர். "பத்திரம் வந்தா நீ இங்கயே இரு. வராட்டி எங்ககூடக் கெளம்பு," என்று தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவள் ஏப்ரலில் பொன்னுதுரையிடம் மனு அடித்து வாங்கினாள். மே மாதம் ஒருநாள் என் மேசைக்கு வந்தாள். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கத்தான் பேசுவாள்.

"அண்ணே, ஒங்க மெஷின்ல இன்னொருவாட்டி அடிச்சுக் குடுங்க."

ஏன் என்று கையால் கேட்டேன்.

"தம்பி அடிக்கிறப்ப மேசையில கைய வெச்சுப் பாத்தேன். ஒண்ணுமே தெரியல. ஒங்களுது அடிச்சா எனக்கு முழங்கை வரைக்கும் தெரியும். அதுல எழுதுனாத்தான் எழுதுன மாதிரி இருக்கு." பிறகு குரலைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "எங்க அண்ணி வீட்டுல சோறு போட்டு வேலை வாங்குவாங்கண்ணே. கூலி கெடையாது. நான் போக மாட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். அந்த வருஷம் முழுக்கப் புது மெஷினை வேண்டாமென்று சொல்லிப் பழைய மெஷினைத் தேடி வந்த ஒரே ஆள் அவள்தான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் அவள் மனு ஏற்கெனவே பெட்டியில் அவன் அடித்தவற்றோடு இருந்தது. அவளுக்கு மட்டும் நான் அடித்துக் கொடுத்தால் பொன்னுதுரையின் ஆட்களில் ஒருத்திக்குப் பத்திரம் வந்துவிடும். ஊர் அவன் மெஷினைத்தான் புகழும். ஒன்றில் நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் கடைசிவரை இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு மனுப் போடக்கூடாது என்று தாளில் எழுதிக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அதன்பிறகு தினமும் காலையில் கரிப்பெட்டியோடு வாசலில் நிற்பாள். தபால்காரர் மணியடித்தால் அவளுக்குக் கேட்காது அல்லவா, அதனால் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இதையெல்லாம் நிறுத்த எனக்கு மனம் இல்லாமல் இல்லை. பொன்னுதுரை ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டிருந்தால் அன்றே எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். பெட்டியில் இருப்பதைச் சொல்லாமல், அவன் ஒப்புக்கொள்ளட்டும் என்று மட்டும் ருக்மணியிடம் சொன்னேன்.

உண்மையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருப்பதால் அடுத்ததையும் சொல்கிறேன். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி அவன் எங்கள் வீட்டுக்கு வந்து ஒப்புக்கொண்டான். கெடு முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. முகம் இருண்டு போயிருந்தது. சேர்ந்தாற்போல் பத்துப் பேர் வந்து அவன் மேசையைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"அத்தான், நீங்க சொன்னதுதான் சரி. இந்த மெஷின் அந்த வெலை பெறாது. எழுத்து அங்க ஏதோ ஒத்துக்கல போல. எல்லாத்தையும் ஒங்க மெஷின்ல திருப்பி அடிச்சுக் குடுங்க. ஒங்க கால்ல விழுறேன்."

வீட்டுக்குள் சொல்வது எப்படிச் செல்லும்? கோப்பிக் கடையில்தானே பேச்சு ஆரம்பித்தது. அங்கே சொல்லு என்றேன். மறுநாள் காலை பசியாற எல்லாரும் கூடியிருந்தபோது நல்லையா முன்னால் அப்படியே சொன்னான். நல்லையா கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

மனுக்களை எடுக்கத்தான் வீட்டுக்குப் போனேன். பெட்டியையும் திறந்தேன். அப்போதுதான் யோசனை வந்தது. அவன் அடித்த அதே தாள்களை இப்போது கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாருக்கும் பத்திரம் வரும். பிறகு என்ன பேசுவார்கள்? கொஞ்சம் தாமதமானாலும் புது மெஷின் ஜெயித்தது என்பார்கள். திருப்பி அடித்துக் கொடுத்தாலோ, பழையதை என்ன செய்தாய் என்ற கேள்வி வரும். இனி அடித்துப் பிரயோஜனமில்லை, போன தாள்கள் முடிவுக்காகக் காத்திருக்கின்றன என்று பொன்னுதுரையிடம் சொன்னேன். பெட்டியை மூடினேன். ஆகஸ்ட் முடிந்தது.

அக்டோபர் முதல் வாரத்தில் பொன்னம்மாவின் அண்ணன் லாரியோடு வந்தார். பினாங்கில் கப்பல். அவள் கரிப்பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. கனம் என்று அண்ணன் விடவில்லை. லாரியில் ஏறுவதற்கு முன்னால் என் மேசைக்கு வந்து, நான் யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளங்கையை மேசைமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் அடிப்பதை நிறுத்தவில்லை. அவளுக்காகத்தான் நிறுத்தவில்லை.

நான் மாட்டிக்கொண்ட விதம் உங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்தீர்கள். ஆயுத பூஜை அன்று பொன்னுதுரை தன் மெஷினைத் துடைத்து, அந்தத் தோல் பெட்டியில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு எங்கள் வீட்டுச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தான். என் மெஷினை ருக்மணி மேசையோடேயே விட்டுப் பொட்டு மட்டும் வைக்கப் போனாள். என் மெஷினுக்கும் அதே மரியாதை வேண்டும், அதன் பெட்டியைத் துடைத்து அதில் வைத்துப் படையுங்கள் என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பொரிகடலை வாங்கக் கடைக்குப் போனேன். பெட்டிக்குள் இருந்தது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. மரியாதை மட்டும்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது; ஐம்பத்தெட்டு மனுக்களும் படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. ருக்மணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பொன்னுதுரை என்னை அடிக்கவில்லை.

"ஏன் அத்தான்?" என்றான்.

பொரிகடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். "அப்பவே இருநூத்திப் பத்து வெள்ளி மாடல வாங்குன்னு சொன்னேன்," என்றேன்.

படைத்த தாளை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் அவை அப்படியே இருந்தன, நாங்கள் மூவரும் அப்படியே இருந்தோம். விடிந்ததும் அவன் அள்ளிக்கொண்டு உங்களிடம் வந்தான்.

ஆகவே, ஐம்பத்தெட்டுப் பேருடைய மனுக்களை ஆபீஸில் சேர்க்காமல் வேண்டுமென்றே ஒளித்து வைத்தவன் நான். யாரும் தூண்டவில்லை. வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். நான் ஊரை எச்சரித்தேன், ஊர் கேட்கவில்லை. வருத்தம் எனக்கு எதற்கு?

நீங்கள் கேட்ட பெயர்ப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர், வயது, ஊர் என்று மூன்று வரிசை. பொன்னம்மா முப்பத்தேழாவது. நீங்கள் எனக்குக் கொண்டுவந்து வைத்தது பொன்னுதுரையின் மெஷின்தான். பச்சைப் பெயிண்டைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். பட்டியலில் ஓர் எழுத்துகூட வரிசை தப்பவில்லை, அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டேன். இடத்தை நான் எண்ணவில்லை. கட்டையை அமுக்கினேன்; வண்டி தானாக ஓடி, ஐம்பத்தெட்டு வரியிலும் வேண்டிய இடத்தில் நின்றது.

இருந்தாலும் அது அந்த விலை பெறாது.