தெலுங்கு எழுத்தில் தமிழ்

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் இளம்பெண் ஃபோனில் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, எழுத்து தெலுங்கா கீது, படிச்சா தமிழா வருது?”

“நான் படிச்சது தெலுங்கு ஸ்கூல்க்கா. தமிழு பேசத்தான் வரும். எங்கம்மாவுக்கு என் கல்யாண விஷயம் எழுதிக்கினு கீறேன். மாப்பிள்ளைக்குத் திருத்தணி.”

“அங்க போனா உன்னைத் தெலுங்குப் பொண்ணும்பாங்களே?”

“இங்க மட்டும் இன்னா, ஸ்கூல்ல என்னை அரவப் பொண்ணு, தமிழச்சின்னுதான சொன்னாங்க.”

“மாப்பிள்ளைக்கு எப்படி எழுதுவ?”

“அவருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. வாய்ஸ் மெசேஜ்தான். நேத்து எனக்காகக் கத்துக்கினு என் பேரை மட்டும் தெலுங்குல எழுதி அனுப்பினாரு.”

அம்மாள் ஃபோனை வாங்கிப் பார்த்தார்.

“ஒரு எழுத்து தப்பா கீதே?”

“தெரியும்க்கா. அவருகிட்ட நான் சொல்லல.”