நைனாவுக்கு ஒரு டேக்

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சி வரும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். போன் வைத்திருந்தவள் மல்லாட்டை என்கிற நிலக்கடலைப் பயிரின் நோய் பற்றி எழுதிய கட்டுரை வந்துவிட்டதாம்.

"எங்க நைனாவ மொதல்ல டேக் பண்ணப் போறேன்டி."

"ஆபீஸ் ஆளுங்க பாக்கற எடத்துல அப்பாவையா? மொதல்ல மேனேஜரப் போடு. கல்யாணப் பத்திரிகைல பேரு விட்டுப்போன பெரியப்பா மாதிரி மூஞ்சத் தூக்கிக்குவாரு."

"தூக்கிக்கட்டும். ஒரு நாளு மல்லாட்ட கொல்லைப் பக்கம் வந்தாரா?"

"வேல போய்டும்டி."

"வேற பாத்துக்கறேன். காஞ்சது எங்க நைனா வெச்ச செடி."

"உங்க நைனாவுக்கு அதுல அக்கவுண்டு ஏது?"

"காலைல நான்தான் ஆரம்பிச்சேன். இன்னா வேலன்னு கேட்டுச்சு. விவசாயின்னு போட்டேன்."

மலைக்கோட்டை தெரிந்தபோது பதிவைப் போட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது போன் அடித்தது.

"ஆமா நைனா, உன் பேருதான். மேனேஜரு உனுக்கு அப்பறம்தான்."